பழைய மர பேஸ்பால் பேட்டை ஷோகேஸ்ல வைக்க எப்படி கிளீன் பண்றது?

மொதல்ல அந்த சாண்ட்பேப்பரை கீழ வைங்க ப்ரோ. பந்தோட தையல் பதிஞ்ச தடம், கைப்பிடில பிடி வழுக்காம இருக்க பூசற, கருப்பா பிசுபிசுன்னு இருக்கற பைன் தார் (பைன் மரத்துல இருந்து எடுக்கற பிசின்) இதெல்லாம் அழுக்கு இல்ல, ஆடின பேட்டுங்கறதுக்கு அதான் சாட்சி, பழைய பேட் சேகரிக்கறவங்க அதைத்தான் தேடுவாங்க (1983ல அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட் அடிச்ச ஹோம் ரன்னையே, தார் கைப்பிடி முனைல இருந்து 18 இன்ச்சுக்கு மேல ஏறிடுச்சுன்னு அவுட் குடுத்து, அப்புறம் அப்பீல்ல செல்லும்னாங்க). தூசிதான்னா நல்லா பிழிஞ்ச ஈரத்துணில துளி சோப்பு, மரத்தோட ரேகை வாக்குல துடைச்சு உடனே காஞ்ச துணியால ஒத்திடுங்க, சுட்டுப் பதிச்ச லோகோ பக்கம் மட்டும் மெதுவா. மரம் ரொம்ப வறண்டிருந்தா ஆளி விதை எண்ணெய் லேசா தடவி மிச்சத்தைத் துடைச்சிடுங்க, ஆனா அந்தத் துணிய சுருட்டிப் போடாதீங்க, தானாவே சூடாகி தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போடுங்க. ஷோகேஸை வெயில் படாத இடமா பாத்து வைங்க.