புழுவும் வெங்காயமும் சொல்வது

அன்புள்ள ஐயாவுக்கு,

சுன்னாகத்தில் தோட்டம் செய்கிறேன். என் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதி வருட ஆய்வுக்காகப் புழுக்களுக்கு நோய்க்கிருமியைத் தீனியாகப் போட்டு, எத்தனை செத்தன என்று இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். சென்ற மாரியில் என் தமையனார் சலரோகக் காற்புண்ணில் கிருமி ஏறி இறந்துபோனார். மனிதன் படும் பாட்டைப் புழு எப்படி ஐயா சொல்லும்?

ஒரு வாசகர், சுன்னாகம்

அன்புள்ள நண்பருக்கு,

தமையனாரின் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம். அந்தத் துயரத்திலிருந்து எழுந்த கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் தோட்டக்காரர், வெங்காயத்திலிருந்தே தொடங்கலாம். வெளித்தோல் காய்ந்து நன்றாகவே இருக்கும். உரித்தால் அடுத்த சதை மடல் மஞ்சள் பழுப்பாகி வழுவழுத்துப் புளித்த வாடை வீசும். அமெரிக்காவில் இப்படி அழுகிய வெங்காயங்களிலிருந்து ஒரு பற்றீரியாவைப் பிரித்து, 1950இல் விவரித்தவர் வால்டர் பர்க்ஹோல்டர் என்ற தாவர நோயியலாளர். வெங்காயத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து அதற்குச் செபாசியா என்று பெயர் வந்தது. பின்னர், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ளவர்களின் நுரையீரலை அழிக்கும் கிருமிகளில் இதுவும் இதன் நெருங்கிய இனங்களும் உண்டு என்று மருத்துவர்கள் கண்டார்கள். இன்றும் ஆய்வுகூடங்களில் வெங்காய மடலைக் கீறி ஒரு துளி கிருமியை விட்டு, அழுகல் எவ்வளவு பரவுகிறது என்று அளக்கிறார்கள்.

இது எப்படிச் சாத்தியம்? மனிதன் தோன்றுவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தக் கிருமிகள் மண்ணிலும் நீரிலும் இருந்தன. அவற்றைத் தின்ன அமீபாவும் புழுவும் அங்கே இருந்தன. அவற்றுக்குத் தப்பக் கற்ற வித்தைகள் பல பிறகு நம் உடம்பிலும் பலித்தன. அமீபா பற்றீரியாவை விழுங்குவதுபோலத்தான் நமது வெண்குழியமும் விழுங்குகிறது. லெஜியோனெல்லா என்ற நியூமோனியாக் கிருமி நீரில் அமீபாவுக்குள் பெருகும். அதே வித்தையால் நுரையீரலின் வெண்குழியத்துக்குள்ளும் பெருகும்.

புண்ணில் நீலப்பச்சைச் சீழ் வைக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு நோயாளியிடம் எடுத்த இந்தக் கிருமி செடியின் இலையையும் அழுகவைக்கும், எலியையும் கொல்லும் என்று பாஸ்டனில் ஃபிரெடெரிக் ஆசுபெல் குழுவினர் 1995இல் காட்டினார்கள். 1999இல் அதையே புழுவிலும் காட்டினார்கள். கிருமியின் பரம்பரையலகுகளில் ஒவ்வொன்றாகக் கெடுத்து, ஒவ்வொரு வகையையும் புழுவுக்குக் கொடுக்கிறார்கள். எந்த அலகு கெட்டால் புழு பிழைக்கிறதோ, அங்கே கிருமியின் ஆயுதம் ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான வகைகளை எலிகளில் சோதிக்க யாராலும் இயலாது, புழுவில் இயலும்.

உங்கள் மகள் வளர்ப்பது பெரும்பாலும் சீனோராப்டைடிஸ் எலிகன்ஸாக இருக்கும். ஒரு மில்லிமீற்றர் நீளம், கண்ணாடிபோன்ற உடல். நுணுக்குக்காட்டியில் குனிந்து, மெல்லிய கம்பி நுனியால் ஒவ்வொன்றையும் தொட வேண்டும். நெளிந்தால் உயிர் இருக்கிறது. தடிபோல் நீண்டு கிடந்தால் இல்லை. ஒரு நாள் தவறவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

புழுவால் சொல்ல முடியாதவையும் உண்டு. அதற்கு நுரையீரல் இல்லை, கிருமியை அடையாளம் கண்டு பற்றும் பிறபொருளெதிரி இல்லை, நமது 37 பாகை வெப்பத்தில் அது வாழாது. அந்த வெப்பம் தேவையானால், தேன்கூட்டைத் துளைக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுவை எடுப்பார்கள். கிருமி ஏறினால் அது கறுத்துவிடும். எலியும் மனிதக் கலங்களும் அதற்குப் பிறகுதான்.

மகள் வீட்டுக்கு வந்ததும், எந்தக் கிருமியைத் தின்ற புழுக்கள் பிழைத்தன என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி இலங்கையின் ஈரமண்ணிலும் உண்டு. அதுவும் இந்தப் புழுவைக் கொல்லும்; மனிதரில் சலரோகக்காரரையே அதிகம் தாக்கும். உங்கள் குடும்பத்தில் சலரோகம் இருக்கிறது. மாரி தொடங்குமுன் இரத்தத்தில் சீனியைப் பரிசோதித்துவிடுங்கள். கால் வெடிப்போடு வெறுங்காலில் தோட்டத்தில் இறங்காதீர்கள்.