பழைய பைக்கின் லைட் கோளாறுகள்: வாசகர் கேள்வி பதில்

மழைக்காலம் தொடங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி பைக் லைட்டைப் பற்றித்தான். இந்த முறை வந்தவற்றில், பலருக்கும் பொதுவான கோளாறுகளை எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு துண்டு வயரும் போதும்.

எனது 100 சிசி பைக்குக்குப் பதினெட்டு வயது. கினிகத்தேனை இறக்கத்தில் எக்ஸிலேட்டரை விட்டதும் ஹெட் லைட் குப்பி லாம்பு மாதிரி ஆகிவிடுகிறது. புது பெட்டரி போட்டும் அப்படியேதான். மெக்னட் கொயிலை மாற்ற வேண்டும் என்கிறார் பாஸ். மாற்றலாமா ஐயா?
*வாசகர், வட்டவளை*

என்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் அந்தக் கொயிலை இப்போதைக்குத் தொட வேண்டாம். என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, ஹெட் லைட் சுவிச்சைத் தட்டிப் பாருங்கள். எரிந்தால் அது பெட்டரியில் ஓடும் லைட். எரியாவிட்டால் மெக்னட் கொயிலிலிருந்து நேராக வரும் ஏசி கரண்டில் ஓடுகிறது. அந்தக் காலத்து 100 சிசி பைக்குகளில் பல இந்த இரண்டாவது வகைதான். ஹோர்ன், சிக்னல், பிரேக் லைட் எல்லாம் பெட்டரியில். ஹெட் லைட் தனி வழி. உங்களுடையதும் அப்படியென்றால் புது பெட்டரிக்கும் ஹெட் லைட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பியூஸ் நன்றாக இருந்தும் ஹெட் லைட் மட்டும் எரியாமல் போவதும் இதனால்தான்.

ஏசி லைட், என்ஜின் வேகம் குறைந்தால் மங்கத்தான் செய்யும். இறக்கத்தில் கியரைக் குறைத்து, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இறங்குங்கள். என்ஜின் வேகம் விழாது, லைட்டும் நிற்கும், பிரேக்கும் சூடாகாது. ஐட்லிங் மிகக் குறைவாக இருந்தால் உங்கள் மொடலுக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

நடுத்தர வேகத்திலும் மங்கலாக இருந்தால் அளந்துதான் பார்க்க வேண்டும். மீட்டரை ஏசிக்குத் திருப்புங்கள். விலை குறைந்த மீட்டர்களில் ஏசிக்கு 200, 750 என்ற இரண்டு அளவுகள்தான் இருக்கும், 200இல் வையுங்கள். பல்பைக் கழற்றாமல், லைட் எரியும்போதே கனெக்டரின் பின்பக்கம் ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். பல்ப் இல்லாமல் அளந்தால் பழுதான வயரிலும் நல்ல வோல்ட் காட்டும். என்ஜினை நடுத்தர வேகத்துக்கு ஏற்றும்போது 12க்கும் 14க்கும் இடையில் வந்தால் வயரிங் சரி. அப்போது மங்கலுக்குக் காரணம் கறுத்த பல்ப், வெள்ளிப்பூச்சு உரிந்த ரிஃப்ளெக்டர், இவற்றில் ஒன்று. ரிஃப்ளெக்டரைத் துணியால் தேய்த்துத் துலக்காதீர்கள், மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும்.

பல்பில் 11க்குக் கீழே காட்டினால், அதே வேகத்தில் ரெகுலேட்டர் (கூடிய வோல்ட்டை அடக்கும் கருவி) கனெக்டரில் கொயில் வயருக்கும் எர்த்துக்கும் (பெட்டரி நெகட்டிவோடும் சட்டத்தோடும் சேரும் வயர்) இடையில் அளவுங்கள். ஹொண்டா வகைகளில் அது மஞ்சளும் பச்சையும். அங்கே 13, பல்பில் 11 என்றால் நடுவழியில் 2 வோல்ட் தொலைகிறது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், அதனால் இது சின்ன இழப்பு இல்லை. முதல் சந்தேகம் ஹை, லோ மாற்றும் சுவிச்சின் மீது. அதைத் திறந்து, கரி பிடித்த செம்பு முனைகளை கொன்டெக்ட் கிளீனர் விட்டுத் துடையுங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்து ஓடும். கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு திறப்பது நல்லது.

ரெகுலேட்டர் பக்கத்திலேயே வோல்ட் குறைவாக இருந்தால், ரெகுலேட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு, லைட் சுவிச்சையும் அணைத்து, கொயில் வயரை மட்டும் அளவுங்கள். சுமை இல்லாத நல்ல கொயில், வேகம் ஏற ஏற 12ஐத் தாண்டி வெகுதூரம் மேலே போகும். அப்படி ஏறினால் சந்தேகம் ரெகுலேட்டரின் மீது. ஏறவில்லை என்றால் மட்டும் கொயிலுக்குக் காசு செலவழியுங்கள்.

ஹெட் லைட் பல்ப் அடுத்தடுத்து எரிந்து போகிறது. நேற்று டெயில் பல்பும் சேர்ந்து போய்விட்டது. கடையில் மட்டமான பல்ப் தருகிறார்களா?
*வாசகி, பண்டாரவளை*

இரண்டும் ஒரே நேரத்தில் போனதால் பல்பின் தரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. போன பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளி படிந்த மாதிரியோ இருந்தால் வோல்ட் கூடிப் போயிருக்கிறது. கண்ணாடி தெளிவாக, இழை மட்டும் அறுந்திருந்தால் அதிர்வு. ஹோல்டர் ஆடுகிறதா, ஹெட் லைட் ரப்பர் தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் கண்ணாடியில் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்தது.

உங்கள் விஷயத்தில் ரெகுலேட்டரைத்தான் பார்க்க வேண்டும். வேகம் ஏறும்போது மேலதிக வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பி விடுவது அதன் வேலை. அதன் எர்த் வயர் விட்டுப் போனால், நல்ல ரெகுலேட்டர்கூட ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும். ஆகவே புதிதாக வாங்குவதற்கு முன், ரெகுலேட்டரின் எர்த் வயருக்கும் பெட்டரி நெகட்டிவுக்கும் இடையில் ஓம் அளவில் பாருங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் என்ன காட்டுமோ, ஏறக்குறைய அதுவே காட்ட வேண்டும். உடம்பு வழியாக எர்த் எடுக்கும் ரெகுலேட்டர் என்றால் போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்டையும் துருவையும் சுரண்டிவிட்டுத் திரும்ப முறுக்குங்கள். பைக்குக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த பிறகு பல்புகள் போகத் தொடங்கியிருந்தால் காரணம் அநேகமாக இதுவே.

எர்த் சரியாக இருந்தும் நடுத்தர வேகத்தில் ஹெட் லைட்டில் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பெட்டரியிலும் டிசி (பெட்டரி கரண்ட்) அளவில் பாருங்கள்: அதே வேகத்தில் 13.8 முதல் 14.8 வரை நல்லது. 15ஐத் தாண்டினால் பெட்டரியும் கொதித்துத் தண்ணீர் வற்றும். புதிதாக வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். பிளக் ஒரே மாதிரி இருந்தும் உள்ளே வயர் இடம் மாறியிருக்கும் ரெகுலேட்டர்கள் சந்தையில் இருக்கின்றன.

பிரேக் பிடித்தால் டெயில் லைட் மங்கி, இரண்டு சிக்னலும் லேசாக மினுங்குகின்றன. வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள்.
*வாசகர், மஸ்கெலியா*

மாற்ற வேண்டாம். பின் லைட்டின் எர்த் போயிருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் உள்ளது 21/5 வாட் பல்ப்: ஒரே கண்ணாடிக்குள் பிரேக்குக்கு 21 வாட் இழை, டெயிலுக்கு 5 வாட் இழை, இரண்டுக்கும் பொதுவான எர்த். அந்த எர்த் அடைபட்டால், பிரேக் இழைக்குள் போன கரண்ட் டெயில் இழை வழியாகவும் சிக்னல் பல்புகள் வழியாகவும் திரும்பிப் போகப் பார்க்கும். நீங்கள் பார்க்கும் மினுக்கம் அதுதான்.

உறுதிப்படுத்த இரண்டு நிமிடம் போதும். நீளமான வயரின் ஒரு முனையைப் பெட்டரி நெகட்டிவில் வையுங்கள், மறுமுனையைப் பல்ப் ஹோல்டரின் உலோக உடம்பில் தொடுங்கள். பிரேக் பிடித்தபடி தொட்டவுடன் லைட் பளிச்சென்று வந்தால் முடிந்தது. மீட்டரில் பார்ப்பதென்றால், பிரேக் லைட் எரியும்போது ஹோல்டர் உடம்புக்கும் பெட்டரி நெகட்டிவுக்கும் இடையில் டிசி 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

லென்ஸைக் கழற்றுங்கள். ஸ்குரூ துருப்பிடித்திருந்தால் முதல் நாளே எண்ணெய் விட்டு வையுங்கள்; பலவந்தப்படுத்தினால் பிளாஸ்டிக் உடையும். பல்பை எடுத்ததும் ஹோல்டருக்குள் பச்சையும் வெள்ளையுமாகத் தூள் பூத்திருப்பது தெரியும். அதைச் சுரண்டினால் மட்டும் போதாது. பல பைக்குகளில் ஹோல்டர் தகட்டோடு ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். அந்த ரிவெட்டுக்கு அடியில்தான் துரு. அது கண்ணுக்குத் தெரியாது, கையாலும் துடைக்க முடியாது. ஆகவே ஹோல்டர் உடம்பிலேயே 1 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டி, மறுமுனைக்கு வளைய டெர்மினல் போட்டு, சட்டத்தின் ஒரு போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். மட்கார்ட் போல்ட்டில் போடாதீர்கள், மட்கார்ட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவிலும் துரு இருக்கும். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து முறுக்கிவிட்டு, அதற்குப் பிறகு மேலே வாசலின் பூசுங்கள்.

லென்ஸ் ரப்பர் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் அடியில் உள்ள சின்னத் துளையை சிலிக்கன் வைத்து அடைத்துவிடாதீர்கள். உள்ளே வியர்க்கும் தண்ணீர் வெளியேறும் வழி அது. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை விடாது பெய்யும், ஆகவே சித்திரைப் புத்தாண்டு லீவில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். பதுளை, பசறைப் பக்கத்து வாசகர்கள் டிசம்பர் மழைக்கு முன் செய்துகொள்ளலாம்.

பின் லைட் பல்பின் இரண்டு காதுகளும் (பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனைகள்) ஒரே உயரத்தில் இருக்காது. திருப்பிப் பிடித்து அழுத்தி ஏற்றினால் டெயில் பளிச்சென்றும் பிரேக் மங்கலாகவும் எரியும்.

வலது சிக்னல் படபடவென்று வேகமாக அடிக்கிறது, இடது பக்கம் சரி.
*வாசகர், ஹாலிஎல*

வலது பக்கத்தில் முன்னோ பின்னோ ஒரு பல்ப் எரியவில்லை, அல்லது வாட் குறைந்த பல்ப் போட்டிருக்கிறீர்கள். பழைய பிளாஷர் (சிக்னலை விட்டு விட்டு எரியவைக்கும் சின்னக் கருவி) தன் வழியாகப் போகும் கரண்டை வைத்தே தாளம் பிடிக்கும். பல்ப் நன்றாக இருந்தால் சிக்னல் தண்டின் எர்த்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அடிக்காமல் நிலையாக எரிந்தால் பெட்டரி இறங்கியிருக்கலாம்: என்ஜின் நிறுத்தி, சற்று நேரம் விட்டு அளந்தால் 12.6 முழுச் சார்ஜ், 12.2 பாதி. எல்ஈடி பல்ப் போட்டிருந்தால் எல்ஈடிக்கான இலத்திரனியல் பிளாஷர் வேண்டும்.

ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் ஹெட் லைட் அணைகிறது. நேராக்கினால் வருகிறது.
*வாசகர், தலவாக்கலை*

கொண்டை ஊசி வளைவில் லைட் அணைவது உயிராபத்து. சரிசெய்யும்வரை இரவில் ஓட்ட வேண்டாம்.

ஹேண்டில் தண்டுக்குப் பக்கத்தில் வயர்க்கட்டு மடங்கும் இடத்தில், ஒரு வயர் உள்ளே அறுந்து மேல் தோல் மட்டும் முழுதாக இருக்கிறது. லைட்டைப் போட்டபடி ஹேண்டிலைத் திருப்பி, அணையும் நிலையில் நிறுத்தி, வயர்களை ஒவ்வொன்றாக விரலால் அசையுங்கள். ஹொண்டா நிறங்களில் லோ வெள்ளை, ஹை நீலம், எர்த் பச்சை. ஹை, லோ இரண்டும் சேர்ந்து அணைந்தால் பச்சை வயரையும் சுவிச்சுக்கு வரும் வயரையும் பாருங்கள். மெதுவாக இழுத்தால் அறுந்த வயர் ரப்பர் மாதிரி நீளும், நல்ல வயர் நீளாது.

அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றுவது சில வாரம்தான் தாங்கும். ஈயம் வைத்த இடம் விறைத்துப் போவதால் அதுவும் மடிப்பில் மறுபடி முறியும். மடிப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி வெட்டி, நடுவில் புது வயர் வைத்து, இணைப்புகளை மடங்காத இடத்துக்குக் கொண்டுபோங்கள். வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடி, ஹேண்டில் இரு பக்கமும் முழுக்கத் திரும்பும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டுங்கள். அதே இடத்தில் தோல் உரிந்து சட்டத்தில் தொடும் வயர் இருந்தால் பியூஸ் போகும். போன பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவது வயர்க்கட்டையே எரித்துவிடும். கைவசம் சரியான அளவில் ஒரு பியூஸை எப்போதும் வைத்திருங்கள்.

பிரேக்கை விட்டாலும் பின் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது.
*வாசகி, ஹட்டன்*

பெடலுக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்கும் சுவிச்சைக் கீழே இறக்க வேண்டும். சுவிச்சின் உடம்பைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். உடம்பு சேர்ந்து சுற்றினால் வயர் அறுந்துபோகும். பிரேக் கடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் லைட் வர வேண்டும். பின் பிரேக்கை இறுக்கும் ஒவ்வொரு தடவையும் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பழைய 6 வோல்ட் ஹொண்டா கப் ஓடுகிறது. நுவரெலியா பனிமூட்டத்தில் அதன் வெளிச்சம் போதவில்லை. 12 வோல்ட் எல்ஈடி போடலாமா?
*வாசகர், நானுஓயா*

நேரே போட முடியாது. 12 வோல்ட் எல்ஈடி 6 வோல்ட்டில் எரியாது, எரிந்தாலும் மினுங்கும். டிசிக்கென்று செய்த எல்ஈடியை ஏசி லைட் வயரில் மாட்டினால் கெட்டுப்போகலாம். 12க்கு மாற்றுவதென்றால் புதிதாக ஒரு ரெகுலேட்டர் சேர வேண்டும், பெட்டரி, ஹோர்ன், பிளாஷர், எல்லா பல்பும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். அரைகுறையாக மாற்றிய வண்டிகளில்தான் பல்புகள் வரிசையாகப் போகின்றன.

அதற்கு முன், இருக்கும் 6 வோல்ட்டை முழுதாகப் பல்புக்குக் கொண்டுபோகப் பாருங்கள். 25 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான். 6 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் வேண்டும். துருப்பிடித்த ஓர் இணைப்பில் கால் ஓம் தடை இருந்தால் 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட் போகும், உங்கள் வண்டியில் ஒரு வோல்ட் போகும், அதாவது ஆறில் ஒன்று. ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றித் துலக்கி, ஹெட் லைட்டுக்கு 1 சதுர மில்லிமீட்டரில் தனி எர்த் வயர் ஒன்று இழுத்தாலே வித்தியாசம் தெரியும். பல்பின் வாட்டை மாற்றாதீர்கள். ரெகுலேட்டர் இல்லாத இந்த வகையில் பல்புகளின் சுமைதான் வோல்ட்டை அடக்கி வைத்திருக்கிறது. ஹெட் லைட் போன பிறகும் வேகமாக ஓட்டினால் மிச்ச வோல்ட் டெயில் பல்பின் தலையில் விழும்.

பனிமூட்டத்தில் ஹை பீம் வேண்டாம், பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீமின் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: சமதரையில், நீங்கள் ஏறி உட்கார்ந்தபடி, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தினால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஹெட் லைட்டின் நடுவுக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். வழக்கமாகப் பின்னால் ஒருவரை ஏற்றிப் போவீர்கள் என்றால், அவரையும் உட்கார வைத்தே அளவுங்கள்.