பத்து நாளில் கருங்கல் பிள்ளையார்?

கேள்வி: நான் கோவையில் ஒரு டிசைன் கல்லூரியில் ஆசிரியை. 20 மாணவர்களைக் காரைக்குடிக்கு அழைத்துவந்து, பத்து நாள் பாரம்பரியக் கல்வேலை கற்பிக்க விரும்புகிறேன். ஆளுக்கொரு கருங்கல் பிள்ளையார் செதுக்கி எடுத்துப்போகலாம், சான்றிதழும் உண்டு என்கிறார் ஓர் ஏற்பாட்டாளர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். புதுக் கைக்குப் பத்து நாளில் கருங்கல்லில் பிள்ளையார் வரவே வராது. வந்தால் அது மாக்கல், கல்சட்டி கடைகிற கல். நகத்தால் கீறினாலே கோடு விழும். இல்லையென்றால் முக்கால்வாசியை மெஷினில் முடித்துவிட்டு, தும்பிக்கையை மட்டும் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். எங்கள் பட்டறைக்கு ஒரு மாணவி அப்படியொன்றைப் பெருமையாகக் கொண்டுவந்தாள். பீடத்தைத் திருப்பினேன், கட்டர் ஓடிய தடம் வளைவு வளைவாகக் கிடந்தது. 'பழைய வீட்டுத் தூண் மலிவாக வாங்கித் தருகிறேன்' என்றும் அந்த ஏற்பாட்டாளர் சொல்வார். அதைக் காதிலேயே வாங்காதீர்கள்.

பத்து நாளுக்குப் பாடம் ஒன்று போதும்: ஒரு கல்லின் ஒரு முகத்தைச் சமமாக்குவது. கூர் உளியால் பொளிந்தபின், காவி பூசிய மட்டப்பலகையை மேலே வைத்துத் தேய்த்தால் மேட்டில் மட்டும் சிவப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் தட்டி, மறுபடி தேய்க்கணும். முகம் முழுக்கச் சிவப்பு ஒட்டுகிறவரை இதே வேலைதான். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். எங்கள் பிள்ளையார்பட்டிக்காரர் கணபதி ஸ்தபதி, குமரியில் எழுப்பி 2000இல் திறந்த 133 அடி வள்ளுவரும் கல்மேல் கல் பொருத்தி நிற்பவர்தானே என்று சொல்லுங்கள். உளி மழுங்கும்போது உலைக்குக் கூட்டிப்போய், காய்ச்சி அடித்துத் தோய்ப்பதையும் காட்டணும்.

மெஷின் கூடவே கூடாது. விலக்கு ஒன்றுண்டு: கல்லைத் துண்டாக்க மட்டும் கட்டர் ஓடலாம். அதையும் பட்டறை ஆள்தான் ஓட்டணும், மாணவர் அல்ல. தண்ணீர் விட்டு அறுக்கணும். பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாளே முடித்து, சேற்றையும் கழுவிவிட்டிருக்கணும். காய்ந்த தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுத்தால் அதைச் சரியாக்க மருந்து கிடையாது. உளிவேலைக்கும் துண்டு கட்டினால் போதாது; என்-95 கவசமும் கண்ணாடியும் வேண்டும்.

உங்கள் கணக்குப் பிரிவு கல்தச்சரிடம் ஜிஎஸ்டி பில் கேட்கும். நாற்பது வருஷம் உளி பிடித்தவரிடம் டிகிரி எங்கே என்றும் கேட்கும்! இந்தச் சள்ளையில்தான் பில் போடத் தெரிந்த புரோக்கர் நடுவில் நுழைகிறார். ஸ்தபதியிடம் நேரில் பேசி, முன்பணத்தை அவர் கணக்கிலேயே போடச் சொல்லி உங்கள் கல்லூரியிடம் சண்டை போடுங்கள்.

வருவதென்றால் மாசிக்குள் வாருங்கள். பங்குனி வெயிலில் கிடந்த கல்லில் கை வைக்க முடியாது.