கணினிப் படிப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

பதினெட்டு வருடம் தரவுத்தள வேலை; இப்போது சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். தரவுத்தளம், அதாவது தகவலை ஒழுங்காகச் சேமித்துத் தேடி எடுக்கும் அமைப்பு, பற்றிக் கேட்டால் நீட்டி எழுதுவேன். மற்றவற்றுக்குச் சுருக்கமாகத்தான்.

ஈசூன் அம்மா: அக்கா, மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் பாதுகாப்பு படிக்கப்போகிறான். முதல் வருடம் நிரலாக்கமும் தரவுத்தளமும்தான் என்றதும் முகம் வாடிவிட்டது. ஹேக்கிங் எப்போது வரும்?

அந்த இரண்டும் இல்லாமல் ஹேக்கிங் புரியாது அம்மா. ஒரு பதிவுப் படிவத்தில் டி'சூசா என்று ஒருவர் பெயரைத் தட்டுகிறார், படிவம் முறிந்துபோகிறது. காரணம், பெயருக்குள் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோள் குறி. நிரல் எழுதியவர் பெயரை அப்படியே எஸ்கியூஎல் (தரவுத்தளத்துக்கு உத்தரவிடும் மொழி) கட்டளைக்குள் ஒட்டியிருக்கிறார். தரவுத்தளமோ, குறி வந்ததும் பெயர் முடிந்தது, மிச்சமெல்லாம் கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. டி'சூசாவுக்கு எரிச்சலோடு போயிற்று. கெட்ட எண்ணம் உள்ளவன் அதே இடத்தில் தன் கட்டளையை எழுதி மொத்தப் பட்டியலையும் அள்ளிக்கொண்டு போவான். கட்டளையைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்பினால் இந்த ஓட்டை அடைபடும். முதல் வருடத்தில் உங்கள் மகன் கற்பது இதைத்தான்.

ஒன்றை மட்டும் அவனிடம் அழுத்திச் சொல்லுங்கள்: அடுத்தவர் தளத்தில் இதைச் சோதித்துப் பார்க்கவே கூடாது. சிங்கப்பூரில் 1993இல் வந்த கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டப்படி, எதையும் கெடுக்காமல் அனுமதியின்றி நுழைந்தாலே குற்றம்.

செங்காங் மாணவர்: முதலில் எந்த நிரல்மொழி கற்கலாம், பைத்தானா, ஜாவாவா?

பைத்தான். கல்லூரி ஜாவா சொல்லிக்கொடுத்தால் ஜாவா.

தேக்கா கடைக்காரர்: மளிகைக்கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் முந்நூறு பேர். எக்செல் வகுப்பு போதுமா?

தாராளமாகப் போதும் அண்ணே. அஞ்சல் குறியீட்டுப் பத்தியை மட்டும் முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். மரினா பே பக்கம் 018956 என்று அடித்தால் எக்செல் அதை எண்ணாக நினைத்து 18956 ஆக்கிவிடும், சாமான் போய்ச் சேராது. அடையாள அட்டை எண்ணை வாங்கி வைக்காதீர்கள். சட்டம் கேட்டால் ஒழிய, அல்லது ஆளை உறுதியாக அடையாளம் காண அவசியம் இருந்தால் ஒழிய, 2019 செப்டம்பர் 1 முதல் கடைகள் அதைச் சேகரிக்கக் கூடாது.

கணக்காளர் ஒருவர்: பதினைந்து வருடமாக எல்லாம் எக்செல்லில்தான். தரவுத்தள வகுப்புக்குப் பணத்தைக் கரைக்க வேண்டாம் என்பேன்.

இதை விடமாட்டேன் சார். 2020இல் இங்கிலாந்தில் கொவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிசைதான் கொள்ளும். மிஞ்சியது விழுந்துவிட்டது. கிட்டத்தட்ட 16,000 தொற்றுகள் கணக்கில் வராமல், அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமாயிற்று.

அதே கணக்காளர்: அது பழைய கோப்பின் குறை. இப்போது பத்து லட்சத்துக்கு மேல் கொள்ளுமே!

கொள்ளும், 1,048,576 வரிசை. ஆனால் என் கவலை அளவு இல்லை. ஒரு வாடிக்கையாளருக்கு நாற்பது விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்), நாற்பதிலும் அவர் முகவரி. அவர் வீடு மாறுகிறார். நீங்கள் முப்பத்தொன்பதைத் திருத்துகிறீர்கள். எது சரி என்று கோப்பு சொல்லாது. ஒரு தகவல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்; மற்ற இடங்கள் அதைச் சுட்டினால் போதும். 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. கூட்டிக் கழித்து ‘இப்படியானால் என்ன’ என்று பார்க்க எக்செல்லை அடிக்க ஆளில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே தகவல் பல இடத்தில் வரும் இப்படிப்பட்ட பதிவேட்டை எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் போட்டு வைக்க அது வேண்டாம்.

தெம்பனிஸ் மாணவி: பைத்தானா, ஜாவாவா அக்கா?

மேலே சொல்லிவிட்டேன். அடுத்து இதைக் கேட்பவர்களுக்குப் பதில் வராது.

ஜூரோங் அம்மா, 52 வயது: அலுவலக மென்பொருள் வகுப்புக்குப் போகப் பயமாக இருக்கிறது. கட்டணத்துக்கு உதவி கிடைக்குமா?

பயப்படாதீர்கள் அம்மா, என் வகுப்பில் பாதிப்பேர் உங்கள் வயதுதான். மவுஸ் பிடிக்கக் கை நடுங்கியவர்கள் இரண்டே மாதத்தில் வேர்டில் கடிதம் அடித்தார்கள். சிங்கப்பூரர் என்றால் 2024 மே மாதம் முதல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசின் திறன் பயிற்சித் திட்டம்) நிதி உண்டு, ஆனால் குறிப்பிட்ட வகுப்புகளுக்குத்தான். நீங்கள் பார்த்திருக்கும் வகுப்பு அதில் சேருமா என்று அவர்கள் இணையத்தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

பிடோக் இளைஞர்: நண்பன் அவன் கம்பெனித் தளத்தைச் சோதிக்கச் சொன்னான். செய்யலாமா?

கூடாது. நண்பன் சொன்னால் கம்பெனி சொன்னதாகாது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் உங்கள் சொந்தக் கணினியில் மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு கணினி மாதிரி) போட்டுப் பழகுங்கள். ஈசூன் அம்மாவுக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

கணக்காளர் மறுபடியும்: கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு முகவரி இருக்கிறது. இப்போது என்ன செய்ய?

இப்போதே அவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள் சார். அப்புறம் வாடிக்கையாளருக்கென்று தனி ஷீட் திறந்து, ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு எண். விலைப்பட்டியலில் அந்த எண் மட்டும் இருக்கட்டும். முடித்ததும் எழுதுங்கள், அடுத்த படியைச் சொல்கிறேன்.