சட்டியில் பிறந்த 'டெஸ்ட்': வாசகர் கேள்விகள்

சேர், 'டெஸ்ட்' என்ற சொல்லுக்கு முதலில் என்ன பொருள்? (ஓ.எல். மாணவி, கல்லடி)

மண்சட்டி, மகள். லத்தீனில் 'டெஸ்டும்' என்றால் சுட்ட மண்பாத்திரம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, பொன் வெள்ளியின் தரம் பார்க்கும் சிறு கிண்ணத்துக்கு அது பெயரானது. எலும்புச் சாம்பலில் செய்த கிண்ணத்தில் பொன்னோடு ஈயத்தையும் போட்டு உருக்குவார்கள். ஈயம் காற்றுப்பட்டுத் துருவாகி, செம்பு போன்ற கலப்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும். பொன்னும் வெள்ளியும் சேர்ந்த ஒரு மணி மட்டும் மேலே மினுங்கிக்கொண்டு நிற்கும். ஆளையும் அறிவையும் சோதிக்கும் பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது.

நாம் எழுதும் 'சோதனை'யும் அப்படித்தான். வடமொழியில் 'சோதனம்' என்றால் அழுக்கு நீக்கல். சோதனைக்குப் பயந்து நிற்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

இன்னொன்று. 'டெஸ்டும்' என்பதற்கு உறவான 'டெஸ்டா' என்ற சொல்லே பிரெஞ்சில் தலையைக் குறிக்கும் 'தெத்' ஆனது. தமிழிலும் மண்டை என்பது பழைய பாணர் கையில் ஏந்திய பாத்திரம். இப்போது நம் தலை!

'டெஸ்டமென்ட்' இதன் உறவா? (வாசகர், கல்முனை)

இல்லை. அது சாட்சியைக் குறிக்கும் 'டெஸ்டிஸ்' வழி வந்தது.

டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு ஏன் அந்தப் பெயர்? (வாசகர், காத்தான்குடி)

பலத்தைச் சோதிக்கும் ஆட்டம் என்பதால். 1861-62இல் இங்கிலாந்து அணியொன்று ஆஸ்திரேலியா போனபோதே இந்தப் பெயர் புழங்கியது. முதல் டெஸ்டாகக் கணக்கெடுப்பது 1877 மெல்பேர்ன் ஆட்டத்தை. நம் முறை 1982இல் கொழும்பில் வந்தது.

தையல்கடையிலும் 'ட்ரயல்', கோர்ட்டிலும் 'ட்ரயல்'. இரண்டும் ஒன்றா? (வாசகி, சம்மாந்துறை)

ஒன்றுதான். பழைய பிரெஞ்சில் 'த்ரியே' என்றால் பொறுக்கிப் பிரித்தல். நீங்கள் வயல்காரர் ஊரில் இருப்பவர், சுளகைப் பாருங்கள். அரிசியைப் புடைக்கும்போது உமி முன்னால் பறக்கும், கல்லும் நெல்லும் ஓர் ஓரத்துக்கு ஒதுங்கும், விரல் அவற்றைப் பொறுக்கும். வழக்கில் உண்மையையும் பொய்யையும் அப்படிப் பிரிப்பதற்கே 'ட்ரயல்' என்று பெயர் வந்தது. சட்டை போட்டுப் பார்ப்பது அதிலிருந்து கிளைத்த பொருள்.

நம் நீதிமன்றத்தில் இதை 'விளக்கம்' என்கிறோம். எனக்கு மிகப் பிடித்த சொல். தெளிவாக்குவதும் விளக்குதல், கரிபிடித்த சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதும் விளக்குதல்.