சேஸிஸ் எண்ணின் விளக்கம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு ஷெவ்ரலே கமாரோ ஒன்றைப் பழைய நிலைக்குச் சீரமைத்து வருகிறேன். சேஸிஸ் எண், பெயின்ட் எண் முதலியவற்றின் விளக்கங்களைக் கம்பெனிக் கையேட்டிலிருந்தும், ஆய்வாளர் ஒருவர் விலைக்கு வெளியிட்ட புத்தகத்திலிருந்தும் தொகுத்திருக்கிறேன். இதை அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தால் பதிப்புரிமையை மீறியதாகுமா?

பதில்: குறியீடுகளின் பொருளை மட்டும் எடுத்து உங்கள் சொற்களில் எழுதியிருந்தால் ஆகாது. உங்கள் காரின் எண் 124379N என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் 1 ஷெவ்ரலேயையும், 24 எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட கமாரோவையும், 37 இரண்டு கதவு கூப்பே உடலமைப்பையும், 9 மாடல் ஆண்டையும், N ஒஹையோவின் நார்வுட் தொழிற்சாலையையும் குறிக்கின்றன. காரின் உடலில் பொருத்திய தகட்டில் பெயின்ட் எண் 72 என்றிருந்தால் ஹக்கர் ஆரஞ்சு நிறம். இவையெல்லாம் தகவல்கள்; தகவலுக்கு எவரும் ஆசிரியராக முடியாது என்பதே அமெரிக்கச் சட்டத்தின் நிலை.

இதை உறுதிப்படுத்தியது 1991இல் ஃபைஸ்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. கான்சாஸ் மாநிலத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் டைரக்டரியிலிருந்து பெயர்களையும் எண்களையும் இன்னொரு நிறுவனம் அப்படியே எடுத்தது தவறல்ல என்றும், சேகரிப்பதற்குப் பட்ட பாடு மட்டுமே பதிப்புரிமையைத் தந்துவிடாது என்றும் அது கூறியது. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2004ஆம் ஆண்டின் சவுத்கோ வழக்கு. திருகாணி வகைகளுக்குச் சவுத்கோ நிறுவனம் கொடுத்திருந்த ஒன்பது இலக்க எண்களின் ஒவ்வோர் இலக்கமும் பொருளின் ஏதோ ஒரு தன்மையைக் குறித்தது. எண் இன்னதென்று எண்ணிடும் முறையின் விதியே முடிவுசெய்துவிட்ட பிறகு அதில் படைப்புத்திறனுக்கு இடமில்லை என்று தீர்ப்பெழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்கு உயர்ந்த நீதிபதி சாமுவேல் அலிட்டோ. கார் எண்ணுக்கும் இந்த வாதம் அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து.

ஆய்வாளரின் புத்தகத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். அவருடைய விளக்க உரை, படங்கள், தாமே தேர்ந்து வகுத்த அட்டவணை அமைப்பு ஆகியவை அவருக்கே உரியவை. 'இந்த வகைக் கார்கள் இன்று இத்தனை எஞ்சியிருக்கலாம்', 'இன்ன விலை பெறும்' என்பன போன்ற மதிப்பீடுகளையும் வெறும் தகவலாகக் கருதிவிடாதீர்கள். பயன்படுத்திய கார்களின் விலைமதிப்பைத் தரும் 'ரெட் புக்' தொகுப்பின் மதிப்பீடுகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்று 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. காப்பியடிப்பவரைப் பிடிப்பதற்காகப் பொய்ப் பதிவுகளைச் செருகிவைப்பது தொகுப்பாளர்களின் பழைய வழக்கம். ஃபைஸ்ட் வழக்கின் டைரக்டரியிலேயே அப்படி நான்கு இருந்தன. ஆகவே வழக்குக்குப் பயப்படாவிட்டாலும், ஒவ்வொரு குறியீட்டையும் வேறொரு மூலத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: அதே கம்பெனிக் கையேட்டை ஸ்கேன் செய்து முழுமையாகக் கொடுக்கலாமா?

பதில்: இப்போது நீங்கள் தகவலைப் பகிரவில்லை, நூலையே பகிர்கிறீர்கள். அமெரிக்காவில் 1978க்கு முன் பதிப்புரிமை அறிவிப்பு இல்லாமல் வெளியான நூல்கள் பொதுவாகப் பொதுவுடைமை, அதாவது யாரும் பயன்படுத்தலாம். முதற்பக்கங்களைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். 1964க்கு முன் அறிவிப்போடு வெளிவந்தவற்றுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காதவை இன்று எல்லோருக்கும் உரியவை. உங்களுடையது அந்த வகையில் வராது. 1968இல் முறையான அறிவிப்போடு வெளிவந்த கையேடு என்றால் 95 ஆண்டுகள், அதாவது 2063 முடியும்வரை, உரிமை நீடிக்கும். கையேடு கடைகளில் கிடைப்பதில்லை என்பதாலோ, நீங்கள் இலவசமாகக் கொடுப்பதாலோ அந்த உரிமை மறைந்துவிடாது.

கேள்வி: ஃபோர்டு முஸ்டாங் ஒன்றின் தயாரிப்பு விவரத்தைக் கட்டணம் செலுத்திப் பெற்றேன். அதிலுள்ளதை வெளியிடலாமா?

பதில்: ஃபோர்டிடம் உரிமம் பெற்று இத்தகைய அறிக்கைகளை விற்கும் நிறுவனம் உண்டு. உங்கள் கார் எந்த நாளில், எந்த நிறத்தில் தயாரானது என்பது தகவலே. ஆனால் வாங்கும்போது எந்த நிபந்தனைக்குச் சம்மதித்தீர்கள் என்பது தனிக் கேள்வி. 1996ஆம் ஆண்டின் புரோசிடி வழக்கில், தொலைபேசி எண்கள் அடங்கிய குறுந்தகட்டின் தரவுகளுக்குப் பதிப்புரிமை இல்லாதிருக்கலாம் என்ற நிலையிலும், பெட்டிக்குள் இருந்த உரிம நிபந்தனை வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களின் சேஸிஸ் எண்களை உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்து வருகிறேன். இந்தியாவில் என் தொகுப்புக்குப் பாதுகாப்பு உண்டா?

பதில்: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அட்டவணைகளையும் கணினித் தரவுத் தொகுப்புகளையும் இலக்கியப் படைப்பு என்னும் வரையறைக்குள் சேர்க்கிறது. ஆனால் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம், உழைப்பும் செலவும் மட்டும் போதாது, தேர்விலும் அமைப்பிலும் குறைந்த அளவேனும் படைப்புத்திறன் தெரிய வேண்டும் என்று கூறிவிட்டது. எண் வரிசைப்படி அடுக்கிய பட்டியலுக்கு அந்தத் தகுதி கிடைப்பது கடினம். நீங்கள் சேர்க்கும் ஆய்வுக் குறிப்புகளுக்குக் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில், தரவைத் திரட்டவும் சரிபார்க்கவும் கணிசமாக முதலீடு செய்தவருக்கு அந்தத் தொகுப்பின்மீது 15 ஆண்டுகள் தனிப்பட்டதொரு உரிமை உண்டு. அப்படியொரு ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் இல்லை.