ஜிம்முக்குப் போகாமல் தினமும் நடந்தால் மட்டும் போதுமா?

கேட்டவர் ஓசூரிலோ பெங்களூரிலோ நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நடை மட்டும் போதாது. ஆனால் அதற்கு ஜிம்தான் வேண்டும் என்பதும் இல்லை.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம். புளி சீசன் வந்தால் அம்மா வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை தட்டி வியாபாரிக்குக் கொடுப்பார். அறுபது வயதிலும் கை ஊன்றாமல் எழுவார். அப்புறம் பேத்தியைப் பார்த்துக்கொள்ள அண்ணன் வீட்டுக்குப் பெங்களூர் போனார். அங்கே சோபா, கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட். தரையில் உட்காரவே வேலையில்லை. பூங்காவில் தினமும் நடந்துதான் வந்தார். ஆனாலும் ஊர் திரும்பிச் சாக்கில் உட்கார்ந்தவரை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

நடை இதயத்துக்கு நல்லது. தரையிலிருந்து எழத் தொடையிலும் இடுப்பிலும் பலம் வேண்டும், முட்டி முழுசாக மடங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் வாரம் 150 நிமிட நடையோடு நிறுத்தவில்லை. 2 நாளாவது தசைக்கு வலு தரும் வேலை வேண்டும் என்கிறது.

அம்மாவை முதலில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னோம். அது சுலபமானதும் ஸ்டூல், பிறகு மணை, கடைசியில் திண்ணையைப் பிடித்துக்கொண்டு தரை. கூடவே பாதிக் குடம் தண்ணீர் தூக்கினார். அடுத்த புளி சீசனுக்கு அதே வாசலில் உட்கார்ந்தார், தானே எழுந்தார். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

ஜிம் போகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பாரம் தூக்கினால் தசை வலுக்கும், மறுக்கவில்லை. நாள் முழுக்கக் குனிந்து களை எடுப்பதையும் உடற்பயிற்சி என்று சொல்ல மாட்டேன். அது இடுப்பை ஒடிக்கும். ஆனால் "வீட்டு வேலையெல்லாம் கணக்கிலேயே வராது" என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

இன்னொரு ஆதங்கம். அம்மாவின் முட்டியைப் பார்த்த டாக்டர் "வயசாச்சு" என்று மாத்திரை எழுதினார். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதானே? நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது? லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீரைப் பல வருஷம் குடித்தால், பல் உருவாகும் வயதுக் குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழலாம். அளவு இன்னும் கூடினால் எலும்பில் சேர்ந்து முதுகும் மூட்டும் இறுகிவிடும். அப்படி இறுகியவரை உட்கார்ந்து எழச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், போர்வெல் தண்ணீரை நிறுத்துங்கள். காய்ச்சிக் குடித்தாலும் ஃப்ளோரைடு போகாது.